பத்து நிமிட அவகாசம்

2024 ஏப்ரல் கடைசி வாரத்தில் நான்கு நாட்கள் தொடர்ந்து மாலையில் எலுமிச்சைச் சாதம் கிளறினேன். முப்பது பேர் சாப்பிடும் அளவுக்குப் பெரிய எவர்சில்வர் பாத்திரம் அது. நான்கு ஆண்டுகளுக்கு முன் மதுரையிலிருந்து கிளம்பியபோது, பெட்டியில் துணிகளுக்கு நடுவே அம்மா வைத்துக் கட்டிக் கொடுத்தது. நிலக்கடலை ஒவ்வாதவர்கள் இருப்பார்கள் என்பதால் கடலைப்பருப்பை மட்டும் தாளித்துக்கொட்டி, மூடி மேல் ஒரு துண்டுச் சீட்டில் என்னென்ன சேர்த்திருக்கிறேன் என்று எழுதி ஒட்டுவேன். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்கு முன்னால் இருக்கும் புல்வெளிக்கு நடப்பேன். அங்கே நாற்பது கூடாரங்கள் இருந்தன.

அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் ஓர் அரசுப் பல்கலைக்கழகம். நான் அங்கே முனைவர் பட்ட மாணவி. இளங்கலை வகுப்புகளுக்குப் பாடம் எடுத்து அந்த ஊதியத்தில் படிப்பவள். மாணவர் விசாவில் இருப்பவள். கடைசியாகச் சொன்னதுதான் இந்தப் பதிவை எழுதவைக்கிறது. இங்கே படிக்க வரும் நம் பிள்ளைகள் ஒரு போராட்டத்தின் ஓரத்தில் நின்றாலும் என்ன நடக்கும், போலீஸ் வருவதற்கு முன் எதையெல்லாம் முடிவுசெய்துவைத்திருக்க வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

காஸா போரைக் கண்டித்தும், இஸ்ரேலோடு தொடர்புள்ள நிறுவனங்களில் பல்கலைக்கழகங்கள் போட்டிருக்கும் முதலீடுகளைத் திரும்பப் பெறச் சொல்லியும் எழுந்த போராட்டம் அது. ஏப்ரல் 17 அன்று நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கூடாரங்கள் எழுந்தன. மறுநாளே அதன் தலைவர் நகரப் போலீஸை வரவழைத்தார். நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். மாணவர்கள் அமைதியாகத்தான் இருந்தார்கள், எதிர்ப்புக் காட்டவில்லை என்று நியூயார்க் போலீஸின் உயர் அதிகாரி ஒருவரே பின்னர் சொன்னார். அந்தக் கைதுதான் பொறியைக் காட்டுத்தீ ஆக்கியது. அதுவரை தயங்கி நின்ற வளாகங்களில் எல்லாம் அடுத்தடுத்த நாட்களில் கூடாரம் முளைத்தது. எங்கள் ஊரில் முளைத்ததும் அப்படித்தான். அந்த வசந்தம் முடிவதற்குள் நாடு முழுவதும் கைதானவர்கள் 3000 பேருக்கு மேல்.

எங்கள் முகாமில் யார் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாலஸ்தீன மாணவர்கள் இருந்தார்கள், யூத மாணவர்களும் இருந்தார்கள். யூதர்களின் பஸ்கா பண்டிகை அந்த வாரத்தில் வந்ததால், ஒரு நாள் மாலை புல்வெளியிலேயே விரிப்பு போட்டு அதற்கான விருந்தை நடத்தினார்கள். அதே வளாகத்தில், அங்கே எழுந்த சில முழக்கங்களைக் கேட்டு அஞ்சி, நூலகத்துக்குச் சுற்றுவழியில் போன யூத மாணவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் வகுப்பில் படித்தவள். அவள் பயம் பொய்யில்லை. அவளோடு உட்கார்ந்து பேச வேண்டிய வேலையைத் தலைக்கவசமும் தடியும் செய்து முடித்துவிடாது என்பதே அன்றும் இன்றும் என் எண்ணம்.

முதல் மூன்று நாட்களும் வளாகப் போலீஸார் மட்டுமே இருந்தார்கள். பல்கலைக்கழகமே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் தனிப் போலீஸ் அது. மாணவர்களின் முகம் அவர்களுக்குத் தெரியும். வயதான ஓர் அதிகாரி தினமும் மாலையில் வந்து மூடியைத் திறந்து மணம் பிடித்துவிட்டு, இதில் என்ன இலை போட்டிருக்கிறாய் என்று கேட்பார். கறிவேப்பிலை என்ற சொல்லை இரண்டு நாட்கள் முயன்று மூன்றாம் நாள் ஓரளவு சரியாகச் சொன்னார். இவர்கள் நம்மை அடிக்க மாட்டார்கள் என்று அப்போது நம்பினேன். அந்த நம்பிக்கை தப்பில்லை. அவர்கள் கடைசிவரை அடிக்கவும் இல்லை. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்த இடம் தப்பு.

புல்வெளியில் நிற்கும் காவலரைப் பார்த்துக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கணிக்கக் கூடாது. முடிவு அவர் கையில் இல்லை. நிர்வாகக் கட்டடத்தின் மேல்மாடியில் நடக்கும் கூட்டத்தில் அது இருக்கிறது. அந்தக் கூட்டத்தின் அடையாளங்கள் மின்னஞ்சலில் வரும். நான்காம் நாள் காலை எங்களுக்கு வந்த கடிதத்தில் 'கவலை' என்ற சொல் போய், 'விதிமீறல்' என்ற சொல் வந்திருந்தது. அன்று மதியம் நூலகத்தின் கீழ்த்தளக் கழிவறைகளைப் பூட்டினார்கள். மாலையில் குப்பைத் தொட்டிகளை அப்புறப்படுத்தினார்கள். இரவில் நான்கு புதிய விளக்குக் கம்பங்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஒரே நாளில் எல்லாம் நடந்தபோதே எங்களுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

மேலிடத்து முடிவு எப்படிக் கீழே வந்து சேர்கிறது என்பதற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் ஒரு பாடம். 2011 நவம்பர் 18 அன்று, தரையில் உட்கார்ந்திருந்த மாணவர்களின் முகத்தில் ஒரு போலீஸ் அதிகாரி மிளகுப்பொடித் திரவத்தைப் பீய்ச்சியடித்த படத்தை உலகமே பார்த்தது. எல்லாருடைய கோபமும் அந்த ஒருவர்மேல்தான் விழுந்தது. பின்னர் வந்த விசாரணை அறிக்கை, கூடாரங்களைப் பட்டப்பகலில் அகற்றுவது என்ற வளாகத் தலைவரின் முடிவிலிருந்தே தவறுகளை வரிசைப்படுத்தியது. அந்தத் தெளிப்பான் அங்கே பயன்படுத்த அனுமதிக்கப்பட்டதே அல்ல என்றும் சொன்னது. பாதிக்கப்பட்டவர்களில் 21 பேருக்கு ஆளுக்கு 30,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது பல்கலைக்கழகம். அந்தப் பணத்தால் யாருடைய கண்ணெரிச்சலும் தணிந்திருக்காது.

கூடாரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் பேச்சுரிமை பற்றிய அரசியல் சட்டத் திருத்தம் அதைக் கட்டுப்படுத்தும். தனியார் பல்கலைக்கழகத்தை அப்படி நேரடியாகக் கட்டுப்படுத்தாது. இதைத் தெரிந்துகொண்ட தைரியத்தில் எங்களில் பலர் கூடாரமும் பேச்சுரிமையும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டோம். 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வெள்ளை மாளிகைக்கு எதிரில் உள்ள பூங்காவில் வீடற்றோருக்காகக் கூடாரம் அடித்துப் போராடியவர்களின் வழக்கில், அங்கே படுத்துறங்கத் தடைபோடும் விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. பதாகை பிடிக்கலாம், முழங்கலாம், துண்டறிக்கை கொடுக்கலாம். இரவில் தங்குவது வேறு கணக்கு. நீங்கள் என்ன பேசினீர்கள் என்பதற்காக அல்ல, எங்கே படுத்தீர்கள் என்பதற்காகத்தான் கைது என்று எழுத அது அவர்களுக்கு வழி கொடுக்கிறது. நியாயமா என்று கேட்டால் இல்லை என்பேன். ஆனால் கைதுச் சீட்டில் இருக்கப்போவது 'அத்துமீறி நுழைதல்' என்ற சொல்தான்.

நான்காம் நாள் இரவு கூட்டத்தில் எல்லாரையும் மூன்று நிறமாகப் பிரித்தார்கள். கைதாகத் தயாராக இருப்பவர்கள் சிவப்பு. கடைசி நிமிடம்வரை நின்று விலகுபவர்கள் மஞ்சள். எந்தக் காரணத்துக்காகவும் கைதாகக் கூடாதவர்கள் பச்சை. விசாவில் இருப்பவர்கள் தயவுசெய்து பச்சையில் நில்லுங்கள் என்று ஒரு சட்ட மாணவி இரண்டு முறை சொன்னாள். எனக்கு உள்ளே குமைந்தது. சோறு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஆபத்து வரும்போது ஒதுங்கிக்கொள்வதா? அருகில் இருந்த அமெரிக்கத் தோழி என் தோளைப் பிடித்து, "எனக்கு ஓர் இரவு சிறை. உனக்கு ஆறு வருடப் படிப்பு. இரண்டும் ஒரே விலை அல்ல" என்றாள். பச்சையில் போய் நின்றேன். பாளையங்கோட்டையிலிருந்து வந்து முதுகலை முதலாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவனும் என் பக்கத்தில் வந்து நின்றான். என்னை அக்கா என்று கூப்பிடுபவன். அந்த முகாமில் தமிழ் பேச எனக்கிருந்த ஒரே ஆள்.

அன்றிரவு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். பாத்திரம் அங்கேயே இருந்தது. அவனும் அங்கேயே தங்கிவிட்டான். மழை வரும்போல் இருந்ததால் கூடாரங்களுக்கு மேல் தார்ப்பாய் கட்ட ஆள் தேவைப்பட்டிருக்கிறது.

அதிகாலை நான்கு மணிக்குக் குறுஞ்செய்தி வந்தது: விளையாட்டரங்கத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் பஸ்கள் நிற்கின்றன. ஓடினேன். தம்பியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்பதைத் தவிர மனத்தில் வேறு எதுவும் இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது புல்வெளியின் மூன்று பக்கமும் ஆள் நிற்கத் தொடங்கியிருந்தார்கள். வளாகப் போலீஸ் பின்னால் இருந்தது. முன்னால் நின்றவர்கள் மாநிலப் போலீஸ். தலைக்கவசம், முழங்கால் காப்பு, இடுப்பில் கைகளைக் கட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டைகள் கொத்துக்கொத்தாக. எங்களில் ஒருவர் முகமும் அவர்களுக்குத் தெரியாது.

ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு ஒலிபெருக்கியில் முதல் அறிவிப்பு வந்தது. காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. முழக்கமும் சேர்ந்துகொண்டதால் நான் நின்ற இடத்தில் கேட்டது மூன்று சொற்கள்தான்: சட்டவிரோதம், பத்து நிமிடம், கைது. எந்த வழியாக வெளியேற வேண்டும் என்று சொன்னார்களாம். அது என் காதில் விழவே இல்லை. பச்சைநிறத் தொப்பி போட்ட சட்டப் பார்வையாளர் ஒருவர் என்னருகே நின்று மணி பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். நேஷனல் லாயர்ஸ் கில்ட் என்ற வழக்கறிஞர் அமைப்பு அனுப்பும் தன்னார்வலர்கள் இவர்கள். போராட மாட்டார்கள், முழக்கமிட மாட்டார்கள், நடப்பதைக் குறித்துக்கொள்வார்கள். "வேதியியல் கட்டடத்துக்குப் பின்னால் திறந்திருக்கிறது, இப்போதே போங்கள்" என்று என்னிடம் சொன்னது அவர்தான். அந்த அறிவிப்பு எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு தூரத்துக்குக் கேட்டது என்று அவர் எழுதிய குறிப்பு பின்னால் நீதிமன்றத்தில் உதவியது.

தம்பியைக் கண்டுபிடித்துக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். கட்டடத்தின் மூலைவரை வந்துவிட்டோம். அங்கே நின்று, "அக்கா, லேப்டாப் கூடாரத்தில் இருக்கிறது. இரண்டே நிமிடம்" என்றான். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் திரும்பி ஓடினான். பத்து நிமிடம் முடிய இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வழி அதற்கு முன்பே அடைபட்டுவிட்டது. வேதியியல் கட்டடத்துக்கு அப்பாலிருந்து ஒரு வரிசை காவலர்கள் குறுக்கே வந்து நின்றார்கள். அவர்களின் தோள்களுக்கு இடையே, லேப்டாப்பைக் குழந்தையை அணைப்பதுபோல் நெஞ்சோடு அணைத்தபடி அவன் நிற்பது தெரிந்தது. பிறகு அதை யாரோ வாங்கினார்கள். பிறகு அவன் குப்புறக் கிடந்தான்.

இனி சொல்வதையெல்லாம் அந்த நாளிலும் அதற்குப் பிறகு வந்த மாதங்களிலும் கற்றேன். உங்களுக்கு வேண்டிய எந்தப் பொருளும் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. பாஸ்போர்ட், லேப்டாப், மருந்து, ஆய்வுக் குறிப்பேடு எதுவானாலும் சரி. திரும்பிப் போக ஒரு காரணத்தை அங்கே விட்டுவைக்காதீர்கள். சொன்ன அவகாசத்தில் பாதியைத்தான் உங்களுடையது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். வெளியேறும் வழியை முதல் நாள் மாலையே நடந்து பார்த்துவிட வேண்டும். இரண்டு வழிகளாவது தெரிந்திருக்க வேண்டும்.

மாவட்டச் சிறையின் வாசலில் பதினான்கு மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே போனவர்கள் எல்லாரும் முன்கையில் மார்க்கர் பேனாவால் ஒரு வழக்கறிஞரின் தொலைபேசி எண்ணை எழுதியிருந்தார்கள். பச்சைக் குழுவில் இருந்ததால் தம்பி எழுதிக்கொள்ளவில்லை. கைப்பேசியைப் பறிமுதல் செய்த பிறகு மனப்பாடமாகத் தெரிந்த எண் அவனுக்கு ஒன்றே ஒன்றுதான், பாளையங்கோட்டையில் உள்ள வீட்டு எண். அதைக் கூப்பிடுவதைவிடச் சும்மா இருப்பதே மேல் என்று இருந்துவிட்டான். அடுத்த அறையில் இருந்த ஒருத்தர் தன் கையிலிருந்த எண்ணைச் சுவர் வழியாகக் கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறார். வியர்வையில் கடைசி இரண்டு இலக்கம் அழிந்துபோயிருந்தது. போகிறவர்கள், போகாதவர்கள் எல்லாரும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கையில் மட்டும் எழுதாமல் இரண்டு கைகளிலும் எழுதுங்கள்.

இரவு ஏழரை மணிக்கு வெளியே வந்தான். ஒரு பிளாஸ்டிக் பையில் பெல்ட், ஷூ லேஸ், மூன்று டாலர். நான் நீட்டிய வாழைப்பழத்தை அவனால் உரிக்க முடியவில்லை. அந்த வெள்ளைப் பட்டையை மணிக்கட்டு எலும்பில் பதிய இறுக்கியிருந்தார்கள். கட்டைவிரலின் பின்பக்கம் தொட்டால் உணர்ச்சி இல்லை. ஆறு வாரம் கழித்துத்தான் மெல்லத் திரும்பியது. இறுக்கமாக இருந்தால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். ஒருவர் கேட்காவிட்டால் அடுத்தவரிடம் சொல்ல வேண்டும், கையை முறுக்கக் கூடாது. வெளியே வந்த அன்றே மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்க வேண்டும், தழும்பைத் தேதி தெரியும்படி படம் எடுக்க வேண்டும். நாங்கள் மூன்று நாள் கழித்துப் போனோம். அப்போது சிவப்புப் போய் வெறும் மஞ்சள் கோடுதான் இருந்தது.

விசாரிக்கும்போது பெயரையும் முகவரியையும் சொல்லிவிட்டு, வழக்கறிஞர் இல்லாமல் பேச விரும்பவில்லை என்று சொல்வது உங்கள் உரிமை. அவன் பயத்தில் இருபது நிமிடம் பேசியிருக்கிறான். பொய் எதுவும் இல்லை. ஆனால் முந்தின நாள் இரவு அங்கே தங்கினேன் என்று அவன் வாயாலேயே சொன்னதும் அதில் இருந்தது.

ஒரு கைது மூன்று வழக்காகப் பிரியும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. முதலாவது நீதிமன்றம். சிறு குற்ற வழக்கு. நான்கு மாதத்தில் தள்ளுபடியானது. இப்படி நடப்பது அரிதல்ல. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் ஏப்ரல் 24 அன்று கைதான 57 பேர்மீதும் போட்ட வழக்குகளை, போதிய ஆதாரம் இல்லை என்று அரசு வழக்கறிஞரே இரண்டு நாளில் கைவிட்டார். இரண்டாவது பல்கலைக்கழகத்தின் ஒழுங்கு விசாரணை. அதற்கு நீதிமன்றத்துக்கு வேண்டிய அளவு ஆதாரம் தேவையில்லை. வழக்கு தள்ளுபடியானாலும் அது தன்பாட்டுக்கு நடக்கும். தீர்ப்பு வரும்வரை இடைநீக்கம் என்று ஒரு மின்னஞ்சல் வந்தால் விடுதி அறை போகும், உணவு அட்டை போகும். மூன்றாவதுதான் நம்மவர்களுக்கு உயிர்நாடி. மாணவர் விசாவில் இருப்பவர் முழுநேரப் படிப்பில் பதிவாகி இருக்க வேண்டும். இடைநீக்கத்தால் பதிவு அறுந்தால் நாட்டில் இருக்கும் தகுதியும் அறுந்துவிடும். ஆகவே குற்ற வழக்கறிஞர் ஒருவர், குடியேற்ற வழக்கறிஞர் ஒருவர் என இரண்டு பேர் வேண்டும். குற்ற வழக்கில் நல்ல சமரசம் என்று தோன்றும் ஒன்று விசாவுக்குக் கேடாக முடியலாம். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிய பிறகே கையெழுத்துப் போட வேண்டும். தம்பியின் இடைநீக்கம் மூன்று வாரத்தில் எச்சரிக்கையாகக் குறைந்தது. அவனுடைய பேராசிரியர் ஒருவர் விசாரணைக்கு நேரில் வந்து உட்கார்ந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வழக்கு முடிந்தாலும் கைது முடியாது. அமெரிக்க விசா விண்ணப்பத்தில், நீங்கள் எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா என்று கேட்கிறார்கள். குற்றவாளி என்று தீர்ப்பானதா என்பது மட்டும் அல்ல கேள்வி. ஆம் என்றுதான் எழுத வேண்டும்; பொய் சொன்னால் அதுவே நிரந்தரத் தடையாகிவிடக்கூடும். 2025 வசந்தத்தில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்கள்பற்றி அரசின் கணினித் தரவுத்தளத்தில் இருந்த மாணவர் விசாப் பதிவுகளை அரசு சட்டென்று ரத்துசெய்தபோது, பழைய சிறு வழக்குகளும் தள்ளுபடியானவையும்கூடப் பலருக்குக் காரணமாயின. நீதிமன்றங்கள் தலையிட்ட பிறகு ஏப்ரல் கடைசியில் பதிவுகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த மூன்று வாரமும் தம்பி இரவில் என்னைக் கூப்பிட்டு ஒன்றும் பேசாமல் இருப்பான். நானும் வைக்காமல் இருப்பேன். வைகாசியில் அவன் தங்கைக்குக் கல்யாணம். ஊருக்குப் போனால் விசா முத்திரைக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், அந்தக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். போகவில்லை. தாலி கட்டுவதை என் சமையலறையில் உட்கார்ந்து கைப்பேசியில் பார்த்தான். வீட்டில் பரீட்சை என்று சொல்லியிருந்தான். இன்றுவரை அவர்களுக்குத் தெரியாது.

இதையெல்லாம் எழுதுவதால் போராட்டத்தின் பக்கமே போகாதீர்கள் என்று சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் போனதற்கு வருந்தவில்லை. எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு: இது இப்படித்தான் முடிந்தாக வேண்டும் என்பது இல்லை. அதே வாரத்தில் பிரவுன் பல்கலைக்கழகத்தில் நிர்வாகமும் மாணவர்களும் மேசையில் உட்கார்ந்தார்கள். முதலீடு பற்றிய கோரிக்கையை ஆட்சிமன்றம் அக்டோபரில் வாக்கெடுப்புக்கு எடுத்துக்கொள்ளும் என்று ஒப்புக்கொண்டதும் ஏப்ரல் 30 அன்று மாணவர்களே கூடாரங்களைக் கழற்றினார்கள். வாக்கெடுப்பில் கோரிக்கை தோற்றது. ஆனால் கூடாரத்தைப் பிரிக்க ஒருவர் மணிக்கட்டிலும் பட்டை ஏறவில்லை. நார்த்வெஸ்டர்ன், ரட்கர்ஸ் பல்கலைக்கழகங்களிலும் பேச்சில்தான் முடிந்தது. இன்னொரு பக்கம், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் வெளியாட்கள் முகாமைத் தாக்கியபோது, காவலர்கள் பல மணி நேரம் கழித்தே குறுக்கே வந்தார்கள். அடுத்த நாள் இரவு அதே முகாமைக் கலைக்கத் திரண்டு வந்து 200 பேருக்கு மேல் கைதுசெய்தார்கள். 1970 மே 4 அன்று ஒஹையோவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் தேசியக் காவல் படை சுட்டு நான்கு மாணவர்கள் செத்தார்கள். அந்த நினைவு உள்ள நாட்டில், மாணவர் கூட்டத்துக்கு நடுவில் ஆயுதத்தோடு ஆள் அனுப்பும் முன் ஒரு நிர்வாகம் பத்து முறை யோசிக்க வேண்டாமா? எங்கள் நிர்வாகத்தின் தரப்பில் ஐந்து நாட்களில் ஒருவர்கூடப் புல்வெளிக்கு இறங்கி வந்து பேசவில்லை.

ஊரில் இருக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளையைக் கூப்பிட்டு, அங்கேயெல்லாம் போகாதே என்று மட்டும் சொன்னால், போவதை உங்களிடம் சொல்லாமல் போவான். என் அம்மா அப்படிச் சொல்லவில்லை. "போனால் எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று ஒருத்தியிடம் சொல்லிவிட்டுப் போ" என்றாள். அதனால்தான் அந்த விடியற்காலையில் என்னைத் தேட ஓர் ஆள் இருந்தாள்.

முகாமைக் கலைத்த அதே 2024இல், மே மாதம் மூன்றாம் வாரத்தில் பாத்திரத்தைத் தேடிப் போனேன். கூடாரங்களைக் குப்பை லாரியில் அள்ளிப் போட்டதை எல்லாரும் பார்த்தோம். ஆனாலும் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. வளாகப் போலீஸ் அலுவலகத்தின் அடித்தளத்தில், அலமாரிகளில் வரிசையாகச் சீட்டு ஒட்டிய பொருட்கள் இருந்தன: பைகள், குடைகள், ஒற்றைச் செருப்புகள், ஒரு வயலின். மேசைக்குப் பின்னால் இருந்தவர் அந்த வயதான அதிகாரி. என்னைப் பார்த்ததும் எழுந்தார். நான் எதைத் தேடி வந்தேன் என்று கேட்கவில்லை. உள்ளே போய்ப் பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். கழுவி வைத்திருந்தார். லாரியில் ஏற்றுவதற்கு முன் எடுத்துவைத்ததாகச் சொன்னார்.

படிவத்தில் நான் கையெழுத்துப் போடும்போது, "அன்றைக்கு எங்களிடம் யாரும் கேட்கவில்லை" என்றார். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. மூடியின் மேல் நான் ஒட்டிய சீட்டு பாதி கிழிந்து அப்படியே இருந்தது. அதை உரித்துவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன்.